வாழவந்தி அக்காவின் வலது கை

"உங்க பையில தொங்குதே, அது என்னா பொம்மைங்க டாக்டரம்மா?"

போன வருஷம் ஜூன் மாசம். ஓபி முடியும் நேரம். கேட்டவர் வாழவந்திப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு அக்கா. வயது 48. வலது கை முழங்கையில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. விரல்கள் இறுகி, கட்டை விரல் உள்ளே மாட்டிக்கொண்டு, உள்ளங்கையில் நகம் பதிந்த புண்.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தாலும், பென்சில் பிடிக்கத் திணறும் குழந்தை இருந்தாலும் கடைசி வரை படிங்க. அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஜனவரியில் ஆரம்பிக்கிறேன்.

ஏற்காடு மலையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே கொத்தில் பச்சையும் இருக்கும், சிவப்பும் இருக்கும். சிவந்த பழத்தை மட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, லேசாகத் திருகி எடுக்கணும். பச்சைக்காய் உதிரக் கூடாது. கூலி கிலோ கணக்கு. அதாவது அங்கே ஒரு பெண்ணின் சம்பளம் அவருடைய இரண்டு விரல் நுனியில் இருக்கிறது.

இந்த அக்காவுக்கு நாலு வருஷமாக பிரஷர். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தலைசுற்றல் நின்றதும் "சரியாயிடுச்சே" என்று தீபாவளியோடு நிறுத்திவிட்டார். (இதை எத்தனை பதிவில் எழுதுவது? தலைசுற்றல் நின்றது மாத்திரையால். நிறுத்த வேண்டியது மாத்திரையை இல்லை.) ஜனவரி இரண்டாம் வாரம் காலை ஒன்பது மணி சுமாருக்குப் பறித்த பழம் கையிலிருந்து நழுவியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. பனி, வெறும் வயிறு, மயக்கம் என்று நினைத்து சோடா கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள்.

முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். மலையிலிருந்து இறங்கவே நேரம் ஆகும் என்பதால் நம்மாட்களுக்கு அந்த நாலரை மணி இன்னும் சின்னது.

உயிர் பிழைத்தார். பேச்சு நன்றாகவே திரும்பியது. கால் ஓரளவு வந்தது. கை வரவில்லை.

பிப்ரவரியில் என்னிடம் வந்தார். இங்கேதான் என் பங்கு வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு ஓபியில் கூட்டம். பிரஷர் பார்த்தேன், மாத்திரையை மாற்றினேன், கையைப் பிடித்துப் பார்த்தேன். "ஒரு ஸ்பாஞ்சு பந்து வாங்கி அமுக்கிட்டே இருங்கக்கா. எக்சர்சைஸ் பண்ணாத்தான் வரும்." அடுத்த டோக்கன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் இருக்கும்.

பக்கவாதத்தில் கை திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடப்பது. அதற்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக, கெஞ்சிக் கெஞ்சி வரும். அந்த மூன்று மாதத்தின் வாசலில் நின்றுகொண்டு நான் பந்து சொல்லி அனுப்பினேன்.

ஜூனில் மீண்டும் வந்தபோது கேட்டேன். "பந்து அமுக்குனீங்களா?"

"ஒரு வாரம் அமுக்குனேன் டாக்டரம்மா. அப்புறம் நாய் தூக்கிட்டுப் போயிருச்சு. எதுக்கு அமுக்கறதுன்னும் புரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஏற்கெனவே மடங்கிப் போன கைக்கு மடங்குவதையே பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கைக்கு விரியத்தான் தெரியவில்லை.

அப்போதுதான் அவர் என் பையில் தொங்கிய பொம்மையைப் பற்றிக் கேட்டார்.

அந்தப் பொம்மையின் கதையைச் சொல்லியாகணும். எனக்குச் சொந்த ஊர் கடலூர் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று நான் எட்டாம் வகுப்பு. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம். எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி, அதனால் நாங்கள் தப்பினோம். என் வகுப்பில் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பாதவர்கள் இருந்தார்கள். அதற்கு மேல் அதை எழுத இப்போதும் வரவில்லை.

அடுத்த வருஷம், புதுச்சேரியை ஒட்டி இருக்கும் ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம் ஒரு வேலையைத் தொடங்கியது. அதை நடத்துபவர் உமா பிரஜாபதி. சுற்றியிருக்கும் மீனவக் கிராமங்களின் பெண்கள் கடலைப் பார்க்கவே பயந்து, வேலையும் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். தையலில் மிஞ்சும் வெட்டுத் துணியைக் கொடுத்து, விரல் அளவுக்கு ஒரு பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். உருண்டைத் தலை, சின்னப் பாவாடை, நூல் முடிச்சுக் கை. பெயர் சுனாமிகா.

அதை விற்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சுனாமிகாவுக்கு விலை கிடையாது. யாருக்காவது கொடுக்கலாம், அவ்வளவுதான். செய்த பெண்களுக்குக் கூலி உண்டு. அந்தப் பணம் நன்கொடையாக வந்தது. அப்படி 80 நாடுகளுக்கு மேல், 60 லட்சத்துக்கும் அதிகமாகப் போயிருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். அதில் ஒன்று ஒன்பதாம் வகுப்பில் என் கைக்கு வந்தது. கல்லூரி, விடுதி, இன்டர்ன்ஷிப், இந்த மலை என்று எல்லா இடத்துக்கும் என் பை ஜிப்பில் தொங்கிக்கொண்டே வந்தது. சாயம் போய் இப்போது பழுப்பு.

இதை அக்காவிடம் சுருக்கமாகச் சொன்னேன். இடது கையால் தொட்டுப் பார்த்தார். "துணிதானே, இதை நானே செஞ்சிருவேன்" என்றவர், தன் வலது கையைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அன்று இரவு, கல்லூரி விடுதியில் என் பக்கத்து அறையில் இருந்த தோழிக்குப் போன் போட்டேன். அவள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நான் எம்பிபிஎஸ். நரம்பு வைத்தியமும் மறுவாழ்வு வைத்தியமும் எனக்குத் தேர்வுக்குப் படித்த அளவுதான். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அவள் முதலில் ஒரு கணக்குச் சொன்னாள். எலி, குரங்குகளிடம் பக்கவாத ஆராய்ச்சி செய்யும்போது ஒரு நாளைக்கு நானூறு, அறுநூறு தடவை கையை வேலை வாங்குகிறார்கள். அப்போதுதான் மூளையில் மாற்றம் வருகிறது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு குழு மறுவாழ்வு மையங்களுக்குப் போய் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. மனிதர்களுக்கு ஒரு தெரபி நேரத்தில் கை உருப்படியாக வேலை செய்தது சராசரியாக 32 தடவைதான். அங்கேயே 32 என்றால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய்வர வேண்டிய பெண்ணுக்கு எத்தனை? மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அவர் வந்துபோன மறுநாள்? அதற்கு மறுநாள்?

"எக்சர்சைஸ்னு சொன்னா யாரும் நானூறு தடவை பண்ண மாட்டாங்கடி. ஏதாவது செய்யச் சொல்லு. பேப்பர் கொடு, துணி கொடு" என்றாள். அவளுடைய துறையே அப்படித்தான் வளர்ந்ததாம். முதல் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்களுக்கு ராணுவ மருத்துவமனைகளில் கூடை பின்னவும் நெய்யவும் கற்றுக்கொடுத்து வளர்ந்த துறை.

அடுத்த வாரம் அக்கா தன் பேத்தியோடு வந்தார். ஆறு வயசு, ஒன்றாம் வகுப்பு. கூடவே மகளும். மகளுக்கு வேறு கவலை. "டீச்சர் திட்டறாங்க மேடம். எழுதவே மாட்டேங்குது. பென்சிலை முழுக்கையால புடிக்குது. ஞாபக சக்திக்கு ஏதாச்சும் டானிக் எழுதுங்க."

குழந்தையைப் பார்த்தேன். பேச்சு கணீர் என்று இருந்தது. பார்வை சரி, நடை சரி, கையில் தசைக் குறை எதுவும் இல்லை. மூன்று வயதில் ஒரு குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையணும், நாலு வயதில் கூட்டல் குறி, ஐந்தில் முக்கோணம். இவள் வட்டம் வரைந்தாள், கூட்டல் குறி வரைந்தாள். முக்கோணம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. விசாரித்தால் பள்ளி விட்டு வந்ததும் போன்தான். மண்ணில் விளையாட மழை விடுவதில்லை, அம்மா தோட்டத்துக்குப் போய்விடுகிறார், பாட்டி படுத்தேவிட்டார். விரலுக்குத் தேய்ப்பதைத் தவிர வேறு வேலையே கொடுக்கவில்லை. டானிக் எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு என் மேல் லேசாக வருத்தம்.

சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் போன மாதத்துத் தாள்கள் சிலதைக் கிழிக்காமல் மடித்து விட்டிருந்தார்கள். அவற்றைக் கிழித்தேன். ஒன்று பாட்டிக்கு, ஒன்று பேத்திக்கு.

முதல் வேலை, நீளத் தாளைச் சதுரமாக்குவது. ஒரு மூலையை எடுத்து எதிர் ஓரத்தில் சேர்த்து மடி, மிஞ்சும் பட்டையைக் கிழி. உங்களுக்கும் எனக்கும் மூன்று விநாடி. இந்த இரண்டு பேருக்கும் பத்து நிமிஷம்.

அக்கா வலது கையை எடுக்கவே இல்லை. "அது எதுக்கும் ஆவாதுங்க." தோழி சொல்லியிருந்தபடி அந்தக் கையை மெதுவாகப் பிரித்து, தாளின் மேல் வைத்தேன். "ஒண்ணும் செய்ய வேணாம்க்கா. பேப்பர் பறக்காம இது சும்மா இருக்கட்டும். மடிக்கறது இடது கை மடிக்கட்டும்." முதல் மூன்று வாரம் அந்தக் கைக்கு அதுதான் உத்தியோகம், பேப்பர் வெயிட். அடுத்தது, மடிப்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்தித் தேய்ப்பது. அப்படித் தேய்க்கும்போது உடம்பின் கனம் கை வழியாக இறங்கும், விரல்கள் தானாக நீளும். அதற்கடுத்தது செய்தித்தாள் கிழிப்பது. இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் போகணும், கட்டை விரல் வெளியே வந்தே ஆகணும். கத்தரிக்கோல் எல்லாம் கடைசி.

மடிப்பதைக் கற்றுக்கொடுத்தவள் பேத்திதான். அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க, பாட்டிக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். காகிதக் கப்பல், கத்திக் கப்பல், கேமரா, ராக்கெட். "பாட்டி, மூலைக்கு மூலை வரணும். கோணிக்கிச்சு. மறுபடி." எந்த தெரபிஸ்டும் இவ்வளவு கறாராக இருந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் ஒரு நாளில் எத்தனை தாள் மடித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் ஆகஸ்ட் வாக்கில் எங்கள் ஓபியில் பழைய காலண்டர், மருந்துக் கம்பெனி நோட்டீஸ் எதுவும் மிஞ்சவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். சதுரத் தாள் மடிப்பு என்றதும் ஜப்பான் என்றுதான் நினைக்கிறோம். நம்ம கும்பகோணம் கல்லூரியில் கணக்குப் படித்துவிட்டு வருவாய்த் துறையில் வேலை பார்த்த டி. சுந்தர ராவ் என்ற மனிதர், 1893-ல் சென்னையில் தாள் மடிப்பிலேயே வடிவியல் சொல்லித்தரும் ஒரு புத்தகம் வெளியிட்டார். முதல் அத்தியாயமே சதுரம். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கிண்டர்கார்ட்டன் குழந்தைகளுக்கான மடிப்புத்தாள் பெட்டியிலிருந்து. ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுத, 1901-ல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. ஸ்கேல் இல்லை, காம்பஸ் இல்லை, தாளும் விரலும்தான். குழந்தையின் அம்மா "விளையாட்டுக் காட்டறீங்க, படிப்பு எப்ப வரும்" என்று கேட்டபோது நான் இதைத்தான் சொன்னேன். அந்த அம்மா சமாதானம் ஆகவில்லை. செப்டம்பரில் மகள் முக்கோணத்தை முக்கோணமாக வரைந்த பிறகுதான் ஆனார்.

துணிக்கு வருவோம். துணிதான் அக்காவுக்குப் பிடித்தது.

ஜாக்கெட் தைக்கும் கடைகளில் வெட்டுத் துணி சும்மா கிடைக்கும். உள்ளே திணிக்க பனியன் வேஸ்ட். செய்முறை ரொம்ப எளிது, நீங்களும் செய்யலாம். கைக்குட்டை அளவு சதுரத் துணி. நடுவில் எலுமிச்சம்பழ அளவு பனியன் வேஸ்ட் வைத்து, துணியைச் சுற்றிக் கூட்டி, கழுத்தில் நூலால் இறுக்கிக் கட்டினால் தலை. கீழே தொங்குவது பாவாடை. இரண்டு பக்கமும் கொஞ்சம் துணியை இழுத்து முடிச்சுப் போட்டால் கை. கண், மூக்கு, வாய் பேனாவால் வரையலாம். பிள்ளைகள் அவரவர் வீட்டுப் பழைய புடவையில் செய்தால் இன்னும் நல்லது.

இதில் மருத்துவ வேலை எங்கே நடக்கிறது என்றால், கழுத்தில் நூல் கட்டும் இடத்தில். ஒரு கை துணியை விடாமல் பிடித்திருக்கணும், இன்னொரு கை நூலைச் சுற்றணும். நழுவினால் பஞ்சு கொட்டிவிடும். அக்காவின் வலது கை முதல் தடவை பேப்பர் வெயிட் வேலையிலிருந்து பதவி உயர்வு பெற்றது அந்தக் கழுத்தில்தான். பிடித்துக்கொண்டது. நாலு எண்ணும் வரை. பிறகு நழுவியது. மறுநாள் ஆறு எண்ணும் வரை.

செப்டம்பரில் ஒரு யோசனை வந்தது. என்னுடையது இல்லை, எங்கள் கிராம சுகாதார செவிலியருடையது. புதன்கிழமை தோறும் தடுப்பூசி நாள். ஊசி போட்ட பிள்ளைகள் கத்தும் சத்தத்தில் கட்டிடமே அதிரும். "அக்கா செய்யற பொம்மையைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கலாமே மேடம்." அக்காவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கணும். ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக யாரோ அவரிடம் வேலை கேட்கிறார்கள்.

முதல் புதன்கிழமைக்கு ஏழு பொம்மை கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் கண் இருந்த இடத்தில் சட்டை பட்டன். தைத்திருந்தார்.

வாங்கிப் பார்த்ததும், வரிசையில் நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன். "பட்டன் வச்சிருக்கீங்களே, இதைக் கொடுக்கவே கூடாது. குழந்தை முழுங்கிரும். இதெல்லாம் வேணாம், எடுத்துட்டுப் போங்க."

மருத்துவப்படி நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. மூன்று வயதுக்குக் கீழ் எதுவும் வாய்க்குத்தான் போகும். பட்டன், மணி, புளியங்கொட்டை, ஜிகினாக் கல், மூச்சுக்குழாயில் போனால் நிமிஷங்களில் உயிர் போகும். அதைவிட மோசம் பாட்டுப்பாடும் பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே அரிக்க ஆரம்பித்துவிடும். முழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

ஆனால் அந்தப் பதினான்கு பட்டனைத் தைத்தது எந்தக் கை?

அதை நான் கேட்கவே இல்லை. அக்கா ஏழு பொம்மையையும் பையில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பிரஷர் மாத்திரை வாங்கவும் வரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மாத்திரை நின்றால் அடுத்த அடி எப்போது விழும் என்று சொல்ல முடியாது. ஒரு பட்டனுக்காக நான் ஒரு மூளையைப் பணயம் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் செவிலியரோடு வீட்டுக்குப் போனேன். வாழவந்தியில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடியுமாக ஒரு சரிவு, மழை பெய்து வழுக்கல். அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். மகள் வலது கையைப் பிடித்துத் தூக்க வந்தார். (தூக்காதீங்க. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டு நழுவும், அந்த வலி மாசக் கணக்கில் நிற்கும். இடுப்பில் கை கொடுத்துத் தூக்குங்க.)

"நான் பேசினது தப்புக்கா" என்றேன்.

"நீங்க சொன்னது சரிதானுங்களே. கொழந்தைக்கு ஆவாது."

"பட்டன் ஆகாது. அதைச் சொன்ன விதம் தப்பு. ஒரு பட்டன் தைக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவர் பதில் சொல்லவில்லை. பேத்திதான் சொன்னாள். "ஒண்ணுக்கு ஒரு பொழுது. பாட்டி ஊசியைப் பல்லால இழுக்கும்."

அப்படி ஒரு தையலை நான் அத்தனை பேர் முன்னால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஏழு பொம்மையும் வீட்டில்தான் இருந்தது. ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றதில் பட்டனைப் பிரித்து நூலால் கண் தைக்கலாம் என்று பேசிக்கொண்டோம். பிரிப்பதும் விரல் வேலைதான். மாத்திரை மூன்று வாரமாக நின்றிருந்தது, பிரஷர் 178/104. அன்றிலிருந்து மீண்டும் ஆரம்பித்தோம்.

வாங்கி வந்த அந்தப் பட்டன் கண் பொம்மை இப்போது என் மேசையில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே.

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம், டாக்டர் புத்தி போகாதே. சுகர் இருப்பவர்களுக்கு விரல் மரத்திருந்தால் ஊசி குத்தினது தெரியாது, புண்ணாகும். அவர்கள் தாள் வேலையோடு நிற்கலாம், இல்லையென்றால் விரலுக்கு உறை போட்டுக்கொள்ளலாம். உடனே ஒட்டும் பசை குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம், கண்ணில் பட்ட கேஸ் பார்த்திருக்கிறேன், மைதாப் பசையே போதும். நீளக் கயிறு கட்டிய பொம்மையைத் தொட்டிலில் போடாதீங்க. அப்புறம் ஒன்று, இதற்கும் கைவேலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் நீட்டி வாங்குகிறது, இன்னொரு கை எப்போதும் மூடியே இருக்கிறது என்றால், "எம்புள்ள இடதுகைப் பழக்கம்" என்று மகிழாமல் டாக்டரிடம் காட்டுங்க. அந்த வயதில் கைப்பழக்கம் வராது. மூளையில் சிக்கல் இருக்கலாம், சீக்கிரம் கண்டால் செய்ய நிறைய இருக்கிறது.

அக்காவின் கை எவ்வளவு வந்தது என்று கேட்பீர்கள். முழுதாக வரவில்லை. வராது என்றுதான் நினைக்கிறேன். விரல்கள் விரியும், உள்ளங்கைப் புண் ஆறிவிட்டது, டம்ளர் பிடிப்பார், துணி பிழிவார். காபிப் பழத்தைத் திருகி எடுக்கும் அந்த நுணுக்கம் திரும்பவில்லை. இந்த டிசம்பரில் ஒரு நாள் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். பாதி நாளில் மற்றவர்கள் பறித்ததில் கால்பங்குகூட வரவில்லை, பச்சைக்காயும் உதிர்ந்திருக்கிறது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லையாம். இவரே திரும்பி வந்துவிட்டார். பிப்ரவரியில் நான் பந்து சொல்லாமல் தாள் சொல்லியிருந்தால் அந்தத் திருகல் வந்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்டுக்கொள்வதை நிறுத்தவும் இல்லை.

புதன்கிழமை பொம்மை தொடர்கிறது. மூன்று வயதுக்கு மேல் இருப்பவர்களுக்குத் துணி பொம்மை, கைக்குழந்தை என்றால் அம்மா கையில் ஒரு காகிதப் பறவை. பறவை பேத்தி இலாகா.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் மூன்று பேரும் ஓபிக்கு வந்தார்கள். பேத்தியின் இரட்டைச் சடையில் சிவப்பு ரிப்பன். வலது பூ பெரிசு, இடது பூ சின்னது, ஒன்று மேலே, ஒன்று காதோரம். ரிப்பனில் பூ முடிச்சுப் போட இரண்டு கையிலும் விரல் நுனி வேணும், செய்து பார்த்தால் தெரியும்.

"யாரு கட்டினது?"

"பாட்டி."

அம்மா சரிபண்ணப் போனால் தலையை வெடுக்கென்று திருப்பிக்கொள்கிறாளாம். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியேதான் போகிறாளாம்.

அன்றைக்கு அக்காவின் பிரஷர் 134/84. அதே மாத்திரை, ஒரு மாதத்துக்கு எழுதினேன். கிளம்பும்போது மகள் கேட்டார், "மேடம், போன வருஷக் காலண்டர் ஏதாச்சும் இருக்குங்களா?"